ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் அரிசி

ஜூன் 2, திங்கள்

வேடசந்தூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது இந்த நூற்பாலை. பெயரை எழுதவில்லை. வாடிக்கையாளர் பெயரை டைரியில் எழுதக் கூடாது என்பது எங்கள் முதலாளி மருதாசலத்தின் உத்தரவு. அவர் போடும் ஐம்பது உத்தரவுகளில் நான் மதிப்பது இந்த ஒன்றைத்தான்.

மூன்று ஸ்டீம் பானைகளையும் நிறுத்தி, பாய்லரிலிருந்து குழாய் இழுத்து முடித்தாயிற்று. பெரியது சோற்றுக்கு. மற்ற இரண்டு குழம்புக்கும் பாலுக்கும். விடுதியில் அறுநூற்று நாற்பது பெண்கள் தங்கி மூன்று ஷிப்ட்டிலும் வேலை பார்க்கிறார்கள். பானைக்கு இரட்டைச் சுவர். நடுவில் ஜாக்கெட் என்கிற இடைவெளியில் ஆவி ஓடும். அடுப்பு, புகை, அடிப்பிடித்தல் எதுவும் கிடையாது. முப்பத்தைந்து நிமிடத்தில் அறுபது கிலோ அரிசி வெந்துவிடும். பதினான்கு வருடமாக ஊர் ஊராகப் போய் இதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். மூன்றும் நன்றாக ஓடின. தலைமைச் சமையல்காரர் சவரியம்மாள் கூடவே நின்று பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பதினொரு வருடமாக இங்கே விறகடுப்பில் சமைக்கிறவர். புகை தாங்கவில்லை, ஆவிப் பானை வேண்டும் என்று இரண்டு வருடமாக நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஆவி அழுத்தம் காட்டும் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காகப் புதிதாகக் கண்ணாடி வாங்கி வந்திருக்கிறார். அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார்.

மாலையில் பூஜை. விடுதி மேனேஜர் வரதராஜுலு குள்ளமான ஆள், ஆனால் அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை. மனதுக்குள் அவருக்குச் சுண்டைக்காய் என்று பெயர் வைத்துவிட்டேன். "பெரிய பானைக்கு நீங்களே பொட்டு வைங்க சார், நீங்கதான கொண்டு வந்தீங்க" என்றார். மூடி, கைப்பிடி, திருகு சக்கரம் எல்லாவற்றுக்கும் வைத்தேன். சுவர்ப் பக்கம் விளிம்பில் சுண்டுவிரல் அளவு ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், பெரிய பானைக்கு மட்டும். சமையற்கட்டில் அதற்கு மூக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மூக்குக்கும் வைங்க" என்றார் சுண்டைக்காய். வைத்தேன். பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் முதலாளியிடமிருந்து போன்.

இதே நிர்வாகத்துக்கு இன்னும் நான்கு விடுதிகள் இருக்கின்றன. இது சரியாக ஓடினால் அவையும் நமக்குத்தான். அப்படிக் கிடைத்தால் எனக்கு ஆபீஸில் நாற்காலி, சர்வீஸ் இன்சார்ஜ். இனி லாட்ஜ் தலையணையில் தூங்க வேண்டியதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

விளங்கவில்லை.

அறுபது கிலோ போட்டோம். முப்பத்தைந்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால், வாசல் பக்கம் சோறு பூப்போல வெந்திருக்கிறது. சுவர்ப் பக்கம் கையில் எடுத்து நசுக்கினால் நடுவில் அரிசி. கேஜில் முள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. இன்னும் இருபது நிமிடம் விட்டோம். வெந்த பக்கம் குழைந்து களியாயிற்று. வேகாத பக்கம் அப்படியே நின்றது.

இரண்டு மணி ஷிப்ட்டுக்குப் போக வேண்டிய பெண்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பழைய அடுப்பை எல்லாம் போன வாரமே இடித்துவிட்டார்கள். ஒரு பெண் தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் அரிசி. எதைச் சார் திங்க?" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஜூன் 4, புதன்

இன்றைக்கும் அதே கதை.

சவரியம்மாள் தண்ணீர் அளக்கும் அழகைப் பார்த்தேன். நான் லிட்டர் கணக்கில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அவர் அரிசிக்கு மேல் விரலை நட்டு, இரண்டாவது கணு வரை வந்தால் போதும் என்கிறார். நடுவில் நான்கு தடவை மூடியைத் திறந்து துடுப்பால் கிளறுகிறார். அப்படித் திறந்தால் எப்படி வேகும்?

சொன்னால், முகத்தைச் சுருக்கிக்கொண்டு பானையைச் சுற்றி வந்தார். சுவர்ப் பக்கம் போய்த் தலையைச் சாய்த்து நின்றார். "தம்பி, மொத நாளு நீங்க தண்ணி ஊத்திப் பாத்தப்ப இந்த மூக்கு உஸ்ஸு உஸ்ஸுன்னு மூச்சு விட்டுச்சு. இப்ப சத்தத்தையே காணோம். ஏன்னு பாருங்க."

"சத்தம் போடாத மிஷின்தானுங்கம்மா நல்ல மிஷின்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒருத்தர் எனக்கு வேலை சொல்லித்தர வந்துவிடுகிறார்.

ஜூன் 5, வியாழன்

வால்வு, கேஜ், வடிகட்டி எல்லாம் கழற்றி மாட்டியாயிற்று. சரியாகவே இருக்கின்றன. சோறு மட்டும் வேகவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஜாக்கெட்டில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் ட்ராப்பைக் கழற்றினேன். முழங்கை வரை துரு. புறங்கை வெந்தது. உள்ளே ஒரு தூசு கூட இல்லை. மறுபடி மாட்டினேன். சோறு நேற்றைப் போலவே.

இங்கே பாத்திரம் கழுவுகிற வீரசின்னம்மாள் வெள்ளிக்கிழமை என்று பானைகளைத் துடைத்துப் புதுச் சந்தனம், புதுக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். சாம்பிராணி வேறு. வேகாத பானைக்கு அலங்காரம் ஒரு கேடு.

ஜூன் 8, ஞாயிறு

முதலாளி போன். "ஏனப்பா குணசீலா, ஒரு வாரமா அங்க என்னதான் பண்ணிட்டிருக்கே? நம்ம பானை மேல ஒரு சொல்லு வந்துச்சுன்னா அந்த நாலும் போச்சு. பானையில கோளாறுன்னு மட்டும் எழுதிப்போடாதே."

"அப்ப எங்க கோளாறுன்னு எழுதறதுங்க?"

"அது உனக்குத் தெரியாதா?" வைத்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

நேற்று பதினேழு பெண்கள் ஷிப்ட்டுக்கு நடுவில் வயிற்று வலி என்று வந்து படுத்துவிட்டார்கள். இயந்திரங்கள் நின்றன. இயந்திரம் நின்றால்தான் மேலிடத்துக்குக் காது கேட்கும். சுண்டைக்காய் என் முன்னால் வந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு எழுத்துல குடுங்க சார். பானையா, ஆளா?" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். "பானை நல்ல நிலையில் உள்ளது. இயக்குபவர் நிர்ணயிக்கப்பட்ட அளவுகளைப் பின்பற்றவில்லை. புதிய முறைக்குப் பழகவில்லை."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் விரலால்தான் அளக்கிறார். மூடியை நான்கு தடவை திறக்கத்தான் செய்கிறார். நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன்.

ஜூன் 10, செவ்வாய்

சவரியம்மாளை நிறுத்திவிட்டார்கள்.

நான் நினைத்தது வேறு. கொஞ்ச நாள் காய்கறி பக்கம் மாற்றுவார்கள், பயிற்சி என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். பதினொரு வருடத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். அவர் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன்.

"புகை இல்லாம ஒரு வருசமாச்சும் சமைச்சுட்டுப் போகலாம்னு இருந்தேன்" என்றார். முற்றத்தில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஜூன் 11, புதன்

மதுரையிலிருந்து புதுச் சமையல்காரர் வந்திருக்கிறார். பெயர் திருவேட்டை. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சமைத்தவராம். நான் ஒட்டிய தாளைப் படித்து, லிட்டர் கணக்கில் தண்ணீர் ஊற்றி, மூடியை ஒரு தடவை கூடத் திறக்காமல் சமைத்தார்.

ஒரு பக்கம் சோறு. ஒரு பக்கம் அரிசி.

ஜூன் 12, வியாழன்

அதே. திருவேட்டை துடுப்பை வீசிவிட்டு, "பானைக்குப் பேய் பிடிச்சிருக்கு, எனக்கு விறகடுப்பு கட்டிக் குடுங்க" என்கிறார். சுண்டைக்காய் என்னைப் பார்க்கிறார். நான் கேஜைப் பார்க்கிறேன். கேஜைக் கழற்றிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

காலையில் டீ டம்ளரோடு சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஓடவில்லை. வீரசின்னம்மாள் ஈரத் துணியால் பெரிய பானையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடியைத் துடைத்தார். கைப்பிடியைத் துடைத்தார். சுவர்ப் பக்கம் போனதும் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, மூக்கில் படாமல் அதைச் சுற்றி மட்டும் பதமாகத் துடைத்தார். பிறகு கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தை எடுத்து, அதன் முனையில் பழையதன் மேலேயே புதிதாக ஒன்று அப்பினார். மேலே குங்குமம்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.

"இதை ஏனுங்க துடைக்கல?"

"பூசையில வச்ச பொட்டுல்ல சார். சாமிக்கு வச்சத யாராச்சும் தேச்சுக் கழுவுவாகளா? வெள்ளிக்கு வெள்ளி அதுமேலயே வப்போம்" என்றார். "சவரியக்காகூட ஒருநா இங்கன நின்னு பாத்துச்சு. அது மாதா கோயிலுக்குப் போற ஆளு. 'இது நீங்க வச்சது, நான் தொட்டா நல்லா இருக்காது, அந்தத் தம்பிகிட்டயே சொல்றேன்'னுச்சு."

மூக்கு என்பது காற்றுப் போக்கி. ஆவி உள்ளே வரும்போது ஜாக்கெட்டில் அடைந்திருக்கும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். போகாவிட்டால் ஆவி வருகிற வாசல் பக்கம் மட்டும் சூடாகும், சுவர்ப் பக்கம் காற்று படுத்துக்கொள்ளும். அழுத்தம் அழுத்தமாகவே இருக்கும், கேஜ் எதையும் காட்டாது. முதல் வருடப் பயிற்சியில் சொல்லித்தருகிற பாடம். அந்தப் பாடத்தை எத்தனையோ ஊரில் நானே நடத்தியிருக்கிறேன்.

பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தினமும் பார்த்தேன். பொட்டு வைத்த இடம் என்றால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

அவரிடம் ஊக்கு வாங்கிக் குத்தினேன். சூட்டில் காய்ந்து செங்கல் மாதிரி இறுகியிருந்தது. மூன்று அடுக்கு. கடைசி அடுக்கு, அடியில் இருந்தது, கொஞ்சம் பெரிதாக, அவசரமாக வைத்தது. அதுவும் உதிர்ந்தது. ஆவியைத் திறந்தேன். உஸ் என்றது.

முப்பத்து நான்கு நிமிடம். எல்லாப் பக்கமும் சோறு.

ஜூன் 14, சனி

"புதிய சமையல்காரருக்கு உரிய பயிற்சி அளிக்கப்பட்டது. கோளாறு நீங்கியது." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மதியமே தபாலில் நூற்பாலையின் தலைமை ஆபீஸுக்குப் போய்விட்டது. திருவேட்டை தன் கைராசி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுண்டைக்காய் எனக்குத் தட்டில் இரண்டாம் தடவை சோறு போடச் சொன்னார். முதலாளி போனில், "நாற்காலி ரெடியப்பா" என்றார்.

சவரியம்மாளுக்கு வயதும் ஆகிறது. எப்படியும் இரண்டு மூன்று வருடத்தில் நின்றிருப்பார். இதை எழுதும்போதே என் கையை நானே கிள்ள வேண்டும் போலிருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இன்றைக்குக் கிளம்பியிருக்க வேண்டியவன். பை கட்டியாயிற்று. வீரசின்னம்மாள் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "அக்கா கண்ணாடிய அலமாரியில மறந்துட்டுப் போயிருச்சு. நீங்க போற வழிதான், குடுத்துட்டுப் போங்க."

வழி இல்லை. எதிர்த் திசை. வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து சவரியம்மாள் வீட்டுக்கு வந்தபோது நான் அவர் வாசலில் நின்றிருந்தேன். ஓட்டு வீடு. உள்ளே விறகடுப்பு. புகை வெளியே வந்துகொண்டிருந்தது.

வாங்கி வந்த பழக் கவரைப் படியோரம் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இனி இது எனக்கெதுக்கு? கூலிக்கு மிளகாயில காம்பு கிள்ள கண்ணாடி வேணாம்" என்றார். பிறகு, "மூக்கு சத்தம் போடுதா?" என்று கேட்டார்.

"போடுதுங்க."

"என்ன இருந்துச்சு?"

பஸ்ஸில் வரும்போதே இதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். துரு, தூசு, ஏதாவது. வாயைத் திறந்தால், "சந்தனமுங்க. நான்தான் வெச்சேன்" என்று வந்துவிட்டது.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் ஒரு சைக்கிள் போனது. உட்காரச் சொல்லவும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்தொரு வயதில் பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"சொல்லயில எல்லாரையும் சிரிக்க வச்சீங்க."

"ஆமாங்க."

"எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம் தம்பி. கவர்ல பழமும் வேணாம், எடுத்துட்டுப் போங்க. எழுதித்தான என்னை வெளிய அனுப்புனீங்க? நான் சொன்னத அதே மாதிரி எழுதுங்க. என்னைக்குச் சொன்னேன், நீங்க என்ன சொன்னீங்க, எல்லாத்தையும்."

எழுந்து உள்ளே போனார், கதவைச் சாத்தவில்லை. அடுப்பை ஊதினார். நான் பழத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

வரதராஜுலுவிடம் சொன்னேன். கைக்குட்டை அப்படியே கழுத்தில் நின்றுவிட்டது.

"சார், உங்க ரெண்டு ரிப்போர்ட்டும் தலைமை ஆபீஸ்ல இருக்கு. இப்ப வந்து நேர் எதிரா சொல்றீங்க. அந்தம்மா மேல இரக்கப்பட்டுச் சொல்றீங்கன்னு கேப்பாங்க. அவங்க அன்னைக்கே சொன்னாங்கங்கறதுக்கு என்ன இருக்கு, அன்னைக்கே எழுதின எழுத்து?"

இருக்கிறது. இந்த டைரிதான் இருக்கிறது.

வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டார். "பைத்தியமா உனக்கு? கையெழுத்துப் போட்டதை நீயே பொய்யின்னு சொல்லுவியா? அந்த நாற்காலிய மறந்துடு" என்றார். மறப்பதற்கு அதில் இன்னும் உட்காரவே இல்லை.

டைரியைக் கொடுக்கப் போகிறேன். ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தால் நம்ப மாட்டார்கள், முழுவதும்தான் கொடுக்க வேண்டும். அதற்கு முன் இது.

ஜூன் 4 புதன்கிழமை காலை, சவரியம்மாள் என்னிடம் மூக்கு சத்தம் போடவில்லை, ஏன் என்று பார் என்று சொன்னார். நான் பார்க்கவில்லை. அவரைக் கேலி செய்தேன். அதை அடைத்த முதல் பொட்டு ஜூன் 2 அன்று நான் வைத்தது. துடைக்க மறந்ததும் நான். சமையல் செய்தவரிடம் எந்தத் தவறும் இல்லை. ஜூன் 9, ஜூன் 14 அறிக்கைகள் இரண்டும் தவறு.
— ப. குணசீலன்

வரதராஜுலு சார், சுண்டைக்காய் என்று வருகிற இடமெல்லாம் நீங்கள்தான். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்தால் மற்றதையும் திருத்தினேன் என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 19, வியாழன்

டைரி இன்று கைக்கு வந்தது. ஜூன் 4 பக்கத்தில் சவரியம்மாள் சொன்ன வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. மற்றபடி யாரும் எதுவும் எழுதவில்லை. சுண்டைக்காயைச் சுற்றிக்கூட ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தால் மட்டும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனியில் எனக்கு இனிப் பானைகளைச் சாக்குச் சுற்றி லாரியில் ஏற்றும் பிரிவு என்று செய்தி. கிளம்பும் முன் பயிற்சியை மறுபடி முறையாக நடத்தி, சுவரில் புதுத் தாள் ஒட்டிவிட்டுப் போக வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

காலை பத்து மணிக்குச் சவரியம்மாள் மறுபடி வேலைக்கு வந்தார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேஜைப் பார்த்தார். வீரசின்னம்மாளை அழைத்து, "பொட்டு வையி, வேணாங்கல. மூடியில வையி, சக்கரத்துல வையி. மூக்க விட்டுரு, அது மூச்சு விடட்டும்" என்றார். அவரும் தலையாட்டினார்.

நான் பலகையும் பேனாவுமாக நின்று, முதல் விதி என்று எழுதி, தண்ணீர் அளவை லிட்டரில் போட ஆரம்பித்தேன்.

"அது இல்ல மொதல்ல" என்றார் சவரியம்மாள். ஆவியைத் திறந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் போய்த் தலையைச் சாய்த்து நின்றார். கொஞ்ச நேரத்தில் உஸ் என்று வந்தது. இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகுதான் அரிசிக் கூடையைத் தூக்கச் சொன்னார்.

"மூக்குச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் அரிசி போடணும். எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன்.